உப்பைத் தின்ன யாருமில்லை

ராணிப்பேட்டைக்கும் ஆற்காட்டுக்கும் நடுவே பாலாறு கிடக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அங்கே தண்ணீர் தெரியாது. அகன்ற மணலும் கோரையும் சீமைக் கருவேலமும்தான் கண்ணில் படும். பாலத்தைக் கடக்கிறவர்கள் அதை வறண்ட ஆறு என்பார்கள். வறண்ட ஆற்றில் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்ற எண்ணம் மெல்லப் பரவியது. மணலை லாரி லாரியாக அள்ளினார்கள். கரையோர ஓடைகளில் தோல் கழிவுநீரைத் திறந்துவிட்டார்கள். பாலாற்றின் உயிரோட்டத்தில் பெரும்பகுதி அந்த மணலுக்குள்ளும் கரையோர வயல்மண்ணுக்குள்ளும் நடக்கிறது என்பது கணக்கில் வரவேயில்லை.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் தோல் பட்டையின் துயரத்தை 'மாசு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அந்தச் சொல், கேடு நேர்ந்ததைச் சொல்கிறதே தவிர, அது எந்த வழியாக நேர்ந்தது என்பதைச் சொல்வதில்லை. இங்கே எது எதை உண்கிறது, எதை யாரும் உண்ணாமல் அது தேங்கிக் கிடக்கிறது என்று கேட்டால் விடை தெளிவாகத் தெரியும். சூழல்மண்டலம் என்ற கருத்தின் பயனும் அதுதான். அந்தக் கருத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பாலாற்றுப் படுகையைப் படிக்க முயல்கிறது இக்கட்டுரை.

உயிரும் உயிரற்றதும் சேர்ந்த ஒரே அமைப்பு

1935இல் ஆர்தர் டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். செடிகொடிகளையும் விலங்குகளையும் தனியாகவும், மண், நீர், காற்று, வெயில் ஆகியவற்றைத் தனியாகவும் ஆராய்ந்தால் இயற்கை பிடிபடாது. இரண்டும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே இருக்கும் ஒரே அமைப்பு என்றார் அவர். அதையே இன்று சூழல்மண்டலம் என்கிறோம். ஏழாண்டுகள் கழித்து, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சிறு சதுப்பு ஏரியை ஆராய்ந்த ரேமண்ட் லிண்டெமன், அந்த அமைப்புக்குள் ஆற்றல் எப்படிப் படிப்படியாகக் கைமாறுகிறது என்று காட்டினார். 1942இல் அவருடைய கட்டுரை அச்சாவதற்குள் 26 வயதிலேயே அவர் இறந்துவிட்டார்.

காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்தில் ஒரு நெல்வயலை எடுத்துக்கொள்வோம். நெல்லும் வரப்புப் புல்லும் தண்ணீரில் மிதக்கும் பாசியும் வெயிலைப் பிடித்து உணவாக்குகின்றன. நெல்லின் சாற்றைப் புகையான் உறிஞ்சுகிறது. புகையானைச் சிலந்தி பிடிக்கிறது. சிலந்தியையும் பூச்சியையும் தவளை விழுங்குகிறது. தவளைக்காகக் கொக்கு வரப்பில் நிற்கிறது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். மற்றது மூச்சிலும் அசைவிலும் வெப்பமாகக் கரைந்துவிடும். ஒரு கொக்கு உயிர்வாழ அவ்வளவு தவளையும், அவ்வளவு பூச்சியும், அவ்வளவு பசுமையும் வேண்டியிருப்பது அதனால்தான்.

ஆற்றல் ஒருவழிப் பயணி. பொருள் அப்படியில்லை. வைக்கோல், சாணம், உதிர்ந்த புங்கன் இலை, செத்த நண்டு எல்லாம் மண்ணுக்கு வருகின்றன. மண்புழு அவற்றைத் துண்டாக்குகிறது. பூஞ்சையும் பாக்டீரியாவும் அவற்றைப் பிரித்து மறுபடி வேருக்கு உணவாக்குகின்றன. வளமான மண் ஒரு கிராமில் நூறு கோடி பாக்டீரியா வரை இருக்கலாம். சூழல்மண்டலத்தின் பெரிய வேலை இந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தின் கையில்தான் இருக்கிறது. ஒன்றின் கழிவு இன்னொன்றின் சோறு என்ற ஏற்பாடு அறுபடாதவரை மண்ணில் குப்பை என்று ஒன்று நிலைப்பதில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. எந்த உயிராலும் உண்ண முடியாத, உண்டாலும் மாற்ற முடியாத ஒரு பொருள் வந்து சேர்ந்தால் அது சுழற்சிக்குள் நுழைவதில்லை. வந்த இடத்திலேயே சேர்ந்துகொண்டு போகும். பாலாற்றில் அப்படி வந்து சேர்ந்தவை இரண்டு: உப்பு, குரோமியம்.

மணலுக்குள் ஓடும் ஆறு

கர்நாடகத்தின் நந்தி மலையில் தோன்றும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து தமிழகத்துக்குள் நுழைந்து, மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடிக் கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலைச் சேர்கிறது. அதில் 222 கிலோமீட்டர் தமிழகத்தில். மழைக்காலத்தில் சில நாள்களோ சில வாரங்களோ மேலே ஓடும். மற்ற நாள்களில் அதன் ஓட்டம் மணலுக்கடியில். ஆற்றுக்குள் ஊற்றுக்கால் தோண்டி அந்த நீரைப் பக்கத்து நிலங்களுக்குக் கொண்டுபோவது இந்தப் படுகையின் பழைய பாசன முறை. 19ஆம் நூற்றாண்டில் வாலாஜாபேட்டை அருகே கட்டப்பட்ட பாலாற்று அணைக்கட்டு வெள்ளநீரைக் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி போன்ற ஏரிகளுக்குத் திருப்பிவிட்டது. மகேந்திரவாடியில் ஏரியையும் அதையொட்டிய குடைவரைக் கோயிலையும் 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் அமைத்தான். நீர் ஓடும் சில நாள்களுக்குள் அதைப் பிடித்து ஏரியிலும் மணலிலும் சேமிப்பதுதான் இந்த ஊர்களின் வாழ்முறையாக இருந்தது.

அந்த மணல் தண்ணீரைப் பிடித்துவைக்கும் இடம் மட்டும் இல்லை. அதற்குள்ளே உயிர் இருக்கிறது. ஆற்றுமணலின் ஒவ்வொரு பருக்கையின்மீதும் பாக்டீரியா மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். நீர் மெதுவாக நகரும்போது அதில் கரைந்துள்ள அழுகல் பொருளை அந்தப் படலம் உண்டு தீர்க்கிறது. படலத்தை மேய நுண்ணுயிரிகள் வருகின்றன. அவற்றைத் தின்ன மணல் இடுக்குகளில் வாழும் கண்ணுக்கெட்டாத சிறு கணுக்காலிகள் வருகின்றன. கரையில் நிற்கும் நாவலும் நீர்மருதும் அந்த ஈரத்தில் வேர்விட்டுக் கோடையிலும் தழைத்து நிற்கின்றன. அவற்றின் இலை விழுந்து மறுபடி மணலுக்கு உணவு போகிறது. ஊற்றுத்தண்ணீர் தெளிந்திருந்ததற்கு மணல் வடிகட்டியது பாதிக் காரணம். மணலில் இருந்த உயிர்கள் உண்டு தீர்த்தது மறு பாதி.

இதைப் புரிந்துகொண்டால் மணல் கொள்ளையின் கேடும் வேறுவிதமாகத் தெரியும். மணலை அள்ளும்போது நீர் தேங்கும் இடம் குறைகிறது என்று சொல்கிறோம். அதோடு, தண்ணீரைத் துப்புரவாக்கிய உயிர்க்கூட்டமும் லாரியில் ஏறிப் போய்விடுகிறது.

ஆவாரையும் தோலும்

இந்தப் பட்டையில் தோல் தொழில் வேரூன்றக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று இங்கே தானாக விளையும் ஆவாரை. தரிசிலும் கரம்பிலும் மஞ்சளாகப் பூத்து நிற்கும் அந்தச் செடியை அருகே போய்ப் பார்த்தால், உயிர்கள் ஒன்றோடொன்று வைத்திருக்கும் உறவுக்கு அது ஒரு பாடமாக இருக்கும்.

ஆவாரம்பூவில் தேன் இல்லை. அது வண்டுக்குக் கொடுப்பது மகரந்தம் மட்டும்தான். அதையும் எளிதில் கொடுக்காது. மகரந்தப்பை நுனியில் சிறு துளைதான் உண்டு. உடல் பருத்த தச்சுத்தேனீ வந்து பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பறக்கப் பயன்படும் தசைகளை 'விர்'ரென்று அதிரவைக்கும். அந்த அதிர்வில் மகரந்தம் துளை வழியே பீறிட்டுத் தேனீயின் உடம்பில் ஒட்டும். அப்படி அதிரவைக்கத் தெரியாத பூச்சிக்கு அங்கே ஏதும் கிடைக்காது. பூவில் தேன் வைக்காத அதே செடி, இலைக்காம்பில் சிற்றிலைகளுக்கு நடுவே சிறு சுரப்பிகளில் இனிப்பைச் சுரக்கிறது. அதைத் தேடி எறும்புகள் வருகின்றன. வரும் எறும்பு இலையில் மேயும் பூச்சிகளையும் விரட்டுகிறது. ஆனாலும் வெளிர்நிறத்து வலசை வண்ணத்துப்பூச்சி ஒன்று ஆவாரை இலையில் முட்டையிடும்; அதன் புழுவுக்கு அந்த இலை சோறு.

ஆவாரம்பட்டையில் இருக்கும் துவர்ப்புப் பொருளான டானினும் இந்த உறவுகளில் ஒரு கண்ணி. டானின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். செடியைத் தின்னவரும் விலங்குக்கும் பூஞ்சைக்கும் எதிரான தற்காப்பு அது. இதையே மனிதன் தோலுக்குப் பயன்படுத்தினான். பச்சைத்தோல் என்பது புரதம். விட்டால் இரண்டே நாளில் பாக்டீரியா அதை அழுகவைத்துவிடும். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்தால் டானின் புரத இழைகளைப் பிணைத்துவிடுகிறது. அதன்பின் பாக்டீரியாவால் தின்ன முடிவதில்லை. பதனிடுவது என்றால், சிதைக்கும் உயிர்களின் கைக்கு எட்டாமல் ஒரு பொருளை எடுத்துவைப்பது. ஜவ்வாது மலைக் கடுக்காயும் காட்டுக்கொன்றைப் பட்டையும் அதே வேலையைத்தான் செய்தன. இப்படி அரைப்பதமாகப் பதனிட்ட தோல்தான் சென்னைத் துறைமுகம் வழியாகப் பல தலைமுறைகள் இங்கிலாந்துக்குப் போனது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுதிவிட முடியாது. அப்போதும் தோலுக்கு உப்பிட்டார்கள், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்தார்கள், கழிவைத் திறந்துவிட்டார்கள். காட்டுப் புதர்களின் பட்டையை உரித்தே தொழில் நடந்தது. ஆனால் டானின் ஒரு செடி உண்டாக்கிய பொருள். மெதுவாகவேனும் அதைச் சிதைக்கும் பூஞ்சைகள் மண்ணில் இருக்கின்றன. அளவும் சிறியது, வாரக்கணக்கில் ஆகும் வேலை.

1970களில் நிலைமை மாறியது. சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1973இல் மைய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடுத்தது. அரைப்பதத் தோலுக்கும் கட்டுப்பாடு வந்தது. முழுதாகப் பதனிட்ட தோலும் காலணியும் ஏற்றுமதியாக வேண்டும் என்பது கொள்கை. வேலைவாய்ப்பு பெருகியது, ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உலகச் சந்தையில் பெயர் பெற்றன. பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு இந்தத் தொழிலால் எரிகிறது. காலணி ஆலைகளில் பெருமளவில் வேலை செய்பவர்கள் பெண்கள். அந்த வளர்ச்சியோடு குரோம் முறையும் எங்கும் பரவியது. பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஆன வேலை, டிரம்மில் குரோம் உப்போடு சுழற்றினால் ஏறத்தாழ ஒரு நாளில் முடிந்தது.

உப்பின் பயணம்

உரித்த தோல் ஆலைக்கு வந்து சேரும்வரை அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பு தடவுவது வழக்கம். ஆலையில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. ஊறல் தொட்டியிலிருந்து வெளியேறும் முதல் தண்ணீரின் உப்புக் கரிப்பைக் கடல்நீரோடு ஒப்பிடலாம். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இட்டு முடியை நீக்குகிறார்கள், சதையை வழிக்கிறார்கள், சுண்ணாம்பை நீக்குகிறார்கள். அமிலத்தோடு மறுபடி உப்புச் சேர்த்துத் தோலைக் குரோமுக்குத் தயார் செய்கிறார்கள். டிரம்மிலிருந்து இளநீலமாக வெளிவரும் தோலை இங்கே எல்லோரும் 'வெட் ப்ளூ' என்பார்கள். ஒரு டன் பச்சைத்தோலுக்கு 30 முதல் 40 ஆயிரம் லிட்டர் தண்ணீர் செலவாகும் என்பது பரவலான கணக்கு. அதில் மிகப் பெரும்பகுதி கழிவுநீராக வெளியேறும்.

அந்தக் கழிவுநீரில் உள்ள ஒவ்வொன்றையும் சூழல்மண்டலத்தின் கண்ணால் பார்க்க வேண்டும். இரத்தம், சாணம், சதைத் துணுக்கு, கொழுப்பு: இவற்றைத் தின்னப் பாக்டீரியா காத்திருக்கின்றன. முடியும்கூடக் காலப்போக்கில் சிதையும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் சல்பைடை ஆக்சிஜனேற்றி ஆற்றல் பெறும் பாக்டீரியாக்களும் உண்டு. இவற்றின் கேடு பெரிது என்றாலும், போதிய காற்றும் காலமும் இடமும் கிடைத்தால் இயற்கை இவற்றைத் தீர்த்துவிடும். சுத்திகரிப்பு நிலையங்களில் காற்றூட்டும் தொட்டிகளில் நடப்பதும் இதுதான்.

உப்புக்கு மட்டும் அந்தக் கதி இல்லை. சோடியத்தையும் குளோரைடையும் உண்டு வேறொன்றாக்கும் உயிர் பூமியில் கிடையாது. கழிவுநீரிலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து மணலுக்கு, மணலிலிருந்து கிணற்றுக்கு, கிணற்றிலிருந்து வயலுக்கு, வயலில் தண்ணீர் ஆவியானதும் மண்ணின் மேல்தோலுக்கு என்று அது இடம் மாறுமே தவிரக் குறையாது. கிணற்று நீரை இறைக்க இறைக்க, அதே உப்பு மீண்டும் வயலுக்கே வருகிறது.

வயலில் அது என்ன செய்கிறது? களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் கால்சியம். சோடியம் அந்த இடத்தைப் பிடித்ததும் துகள்கள் பிரிந்து மண் இறுகுகிறது. மழை பெய்தால் நீர் இறங்காமல் தேங்குகிறது. காய்ந்தால் பாளமாக வெடிக்கிறது. வேருக்குக் காற்று இல்லை. மண்ணில் உப்பு மிகுந்திருப்பதால் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடிவதில்லை. மண்புழு ஒதுங்குகிறது. வேர்க்கடலையின் வேர்முண்டுகளில் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத்தரும் ரைசோபியம் பாக்டீரியாவுக்கும் உப்பு ஆகாது. முண்டுகள் குறைகின்றன, செடி வெளுக்கிறது, விவசாயி யூரியாவைக் கூட்டுகிறார். தோலாலேயே நீரை உறிஞ்சும் தவளைக்கு அந்த வயல் குடியிருக்க லாயக்கற்றதாகிறது. தவளை போனால் பூச்சி மிஞ்சுகிறது. பூச்சிக்கு மருந்தடித்தால் சிலந்தி சாகிறது. சிற்றோடையில் கலந்த ஒரு பொருள் இத்தனை உறவுகளை ஒன்றன்பின் ஒன்றாக அறுக்கிறது. தேங்காய் சிறுத்துப்போனதாகவும், ஆடு மாடுகள் கிணற்றுத் தண்ணீரை முகர்ந்துவிட்டு விலகுவதாகவும் பாலாற்றங்கரை விவசாயிகள் பல ஆண்டுகளாக முறையிடுவதன் பின்னால் இந்தத் தொடர் இருக்கிறது.

வெறிச்சோடிய இடத்தில் உப்பைத் தாங்கும் சில உயிர்கள் மட்டும் தழைக்கின்றன. சீமைக் கருவேலம் அவற்றில் முதன்மை. பச்சையாக இருப்பதால் நிலம் பிழைத்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. நூறு வகை உயிர்கள் கொடுத்து வாங்கிய இடத்தில் நான்கைந்து மட்டும் எஞ்சியிருப்பது அந்தச் சூழல்மண்டலம் சுருங்கிப்போனதற்கு அடையாளம்.

குரோமியத்தின் இரண்டு முகங்கள்

தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம். அது மண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ளும், எளிதில் நகராது. அறுவிணைதிறன் குரோமியத்தின் குணம் வேறு. நீரில் கரையும், நிலத்தடியில் வெகுதூரம் பயணிக்கும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை வகைப்படுத்தியிருக்கிறது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு.

அது உயிருக்குள் நுழையும் விதத்தைக் கவனிக்க வேண்டும். செல்லுக்குக் கந்தகம் தேவை; சல்பேட்டாக அதை உள்ளே விடுவதற்குச் செல்சவ்வில் தனி வாசல் உண்டு. அறுவிணைதிறன் குரோமியம் நீரில் குரோமேட்டாக இருக்கும். குரோமேட்டின் வடிவமும் மின்சுமையும் சல்பேட்டைப் போலவே இருப்பதால் வாசல் அதற்கும் திறந்துவிடுகிறது. உள்ளே போனபின் அது மூவிணைதிறனாக மாறும்போது மரபுப்பொருளான டிஎன்ஏவைச் சிதைக்கிறது. உயிரை வளர்க்கும் வழியே நஞ்சு நுழையும் வழியாகவும் ஆகிவிடுகிறது.

ராணிப்பேட்டை சிப்காட்டில் 1970களில் தொடங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம், குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு வறுத்து சோடியம் டைகுரோமேட் தயாரித்தது. தோல் ஆலைகளுக்கான குரோம் உப்பு அதிலிருந்துதான் வந்தது. 1990களில் ஆலை மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் அந்தக் குவியலிலிருந்து குரோமேட் கரைந்து மஞ்சள் நீராகக் கசிந்தது. சுற்றியுள்ள நிலத்தடி நீர் கெட்டது. 2006இல் நியூயார்க்கைச் சேர்ந்த பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட, உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது.

இந்த இடத்திலும் மண்ணின் நுண்ணுயிர்கள் சும்மா இருக்கவில்லை. தோல் ஆலைகளின் கழிவு கலந்த மண்ணிலிருந்து, அறுவிணைதிறன் குரோமியத்தை மூவிணைதிறனாக மாற்றக்கூடிய பாக்டீரியாக்களை உலகின் பல பகுதிகளில் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்திருக்கிறார்கள். பேசில்லஸ், சூடோமோனாஸ் இனங்கள் அவற்றில் அடங்கும். மண்ணில் மட்கு மிகுந்திருந்தால் இந்த மாற்றம் விரைவாக நடக்கும். ஆனால் பாக்டீரியா குரோமியத்தின் முகத்தை மாற்றுமே தவிர அதை இல்லாமல் ஆக்காது. மண்ணிலுள்ள மாங்கனீஸ் ஆக்சைடு அதை மறுபடி பழைய முகத்துக்குத் திருப்பவும் கூடும். எனவே மட்கு குறைந்து உயிரிழந்த மண், குரோமியத்தின் முன் இரட்டிப்பாகத் தோற்றுப்போகிறது.

நீதிமன்றம் ஏறிய ஆறு

வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் பட்டையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக, வேலூரிலுள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் ஆய்வைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், கேடு நேருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது இந்தத் தீர்ப்புத்தான். இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற எவரும் இன்று பாலாற்றங்கரையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அதன்படி அமைந்த சூழலிழப்பு ஆணையம், 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஏறத்தாழ 27 கோடி ரூபாய் இழப்பீட்டைத் தீர்மானித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. பிறகு கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற கட்டாயம் வந்தது: எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துவது, எஞ்சிய கரைசலைக் காய்ச்சி உப்பாக்குவது. ஆனால் காய்ச்சிய உப்பை எங்கே கொண்டுபோவது? கலப்பு உப்பு என்பதால் யாரும் வாங்குவதில்லை. மழை படாமல் கொட்டகையில் அடுக்கிக் காக்க வேண்டியிருக்கிறது. வயலில் நடந்த அதே கதை இங்கே கூரைக்கடியில் நடக்கிறது.

போக்கிடமில்லாத கழிவு மனித உயிரையும் வாங்கியது. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டிலுள்ள ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேற்றைத் தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சூழல்மண்டலத்தில் மனிதன் வெளியே நின்று பார்ப்பவன் இல்லை என்பதை இதைவிடக் கொடுமையாக யாரும் உணர்த்த முடியாது.

2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, பாலாற்றின் கேடு தீரவில்லை என்று கண்டு, இழப்பீட்டை முழுமையாக வழங்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து ஆற்றை மீட்கவும் உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவே ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

இரண்டு வழக்குகள், ஒரே ஆறு

பாலாற்றுக்கு இன்னொரு வழக்கும் உண்டு. மேலே உள்ளவர்கள் தண்ணீரை மறிக்கிறார்கள் என்பது அது. 1892இல் சென்னை மாகாணமும் மைசூரும் செய்த உடன்படிக்கையில் பாலாறும் அடங்கும். கோலார் பகுதியின் ஏரிகளும், ஆந்திரத்தில் குப்பம் வட்டாரத்துத் தடுப்பணைகளும் ஆற்றின் ஓட்டத்தைக் குறைத்தன. 2016இல் புல்லூர் தடுப்பணையின் உயரத்தைக் கூட்டியபோது தமிழகத்தில் பெரும் எதிர்ப்பு எழுந்தது.

தண்ணீர்ச் சண்டையை அரசியல்வாதிகளும் பாசன விவசாயிகளும் பேசுகிறார்கள். கழிவுச் சண்டையைச் சூழலியல் அமைப்புகளும் நீதிமன்றமும் பேசுகின்றன. இரண்டும் தனித்தனிக் கோப்புகளில் கிடக்கின்றன. சூழல்மண்டலமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே பிரச்சினை. உப்பைத் தின்ன யாருமில்லை என்றால், அது படுகையைவிட்டு வெளியேற ஒரே வழிதான் இருக்கிறது: ஆற்றோடு கடலுக்குப் போவது. வெள்ளம்தான் மணலைக் கழுவும், நிலத்தடி நீரைப் புதுப்பிக்கும், உப்பை வயலூர் முகத்துவாரம்வரை கொண்டுபோகும். ஆறு ஓடாத ஆண்டுகளில் உப்பு உள்ளேயே சுற்றிச் சுற்றி அடர்கிறது. மேலே மறித்த ஒவ்வொரு தடுப்பும், கீழே கொட்டிய ஒவ்வொரு மூட்டை உப்பின் வீரியத்தையும் கூட்டுகிறது. மணல் போனதால் தேங்கும் நீரும் குறைந்து, மிஞ்சிய நீரில் உப்பு இன்னும் செறிகிறது.

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. இருகரையும் தொட்டு ஓடிய ஆற்றைப் பார்க்க ஊரே திரண்டது. அப்படிப்பட்ட வெள்ளத்தை ஆற்றின் மருத்துவம் என்று கொள்ள வேண்டும். ஆனால் மழைக்காலத்தில்தான் இருட்டோடு கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்றும், ஆம்பூர்ப் பக்கம் ஆற்றில் நுரை பொங்குகிறது என்றும் விவசாயிகள் ஆண்டுதோறும் புகார் சொல்கிறார்கள். மருந்து வரும் நாளில் நஞ்சைக் கலப்பதற்கு ஒப்பானது அது.

மீட்பு எங்கிருந்து தொடங்கும்

உண்ண முடியாததைக் கொட்டாதிருப்பதே முதல் வேலை. 1948இல் சென்னை அடையாறில் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், உப்பும் தண்ணீரும் குறைந்த பதனிடும் முறைகளை உருவாக்கியிருக்கிறது. ஊறவைக்குமுன் தோலை உதறி உப்பைத் தனியே எடுப்பது மிக எளிய வழி. அந்த உப்பு நீரில் கரையாமலேயே தடுக்கப்படுகிறது. தோல் கிடைக்கும் இடத்துக்கும் ஆலைக்கும் தொலைவு குறைந்தால் குளிரூட்டிக் கொண்டுவரலாம். உப்பே குறைவாகப் போதும். குரோமைக் கழிவுநீரிலிருந்து மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறையும் நடைமுறையில் இருக்கிறது. குழாயின் கடைசியில் கோடி கோடியாகச் செலவிடுவதைவிட, தொட்டியின் முதலிலேயே தடுப்பது மலிவு.

இரண்டாவது வேலை, சிதைக்கும் உயிர்களுக்கு மண்ணைத் திருப்பிக் கொடுப்பது. உப்பேறிய நிலத்தில் ஜிப்சம் இட்டால் கால்சியம் சோடியத்தை விரட்டும். பிறகு நல்ல தண்ணீர் கட்டிக் கழுவ வேண்டும். களர்நிலத்தைத் தாங்கும் தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் நைட்ரஜனும் மட்கும் சேரும். மட்கு சேர்ந்தால் பாக்டீரியா திரும்பும். பாக்டீரியா திரும்பினால் குரோமியத்தின் கொடிய முகமும் அடங்கும். வெட்டிவேர் போன்ற புற்கள் குரோமியத்தை வேரில் பிடித்துவைக்கும். இவை அனைத்துக்கும் ஏரிகளில் நல்ல தண்ணீர் வேண்டும், ஆற்றில் மணல் வேண்டும்.

மூன்றாவது, ஆறு கடல்வரை ஓடுவதைத் தேவையாக ஏற்றுக்கொள்வது. கடலுக்குப் போகும் நீர் வீண் என்று பேசிப் பழகிவிட்டோம். பாலாற்றைப் பொறுத்தவரை, கடலுக்குப் போகும் வெள்ளத்தில் ஒரு பங்கு அந்தப் படுகையின் கழிவைச் சுமக்கும் நீர். மாநிலங்களுக்கு இடையிலான பேச்சில் பாசனத்துக்கு இவ்வளவு, குடிநீருக்கு இவ்வளவு என்று கேட்பதோடு, ஆறு தன்னைக் கழுவிக்கொள்ள இவ்வளவு என்றும் தமிழகம் கேட்க வேண்டும். 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி அமையும் எந்தத் திட்டமும் கழிவுநீர், மணல், ஓட்டம், மண் ஆகிய நான்கையும் ஒரே கணக்கில் வைக்காவிட்டால், இன்னொரு தலைமுறை கழித்து இன்னொரு தீர்ப்பைத்தான் படித்துக்கொண்டிருப்போம். தொழிலும் வேண்டும், ஆறும் வேண்டும் என்று சொல்லும் உரிமை, படுகைக்குள் வரும் உப்பு எவ்வளவு, வெளியேறும் உப்பு எவ்வளவு என்று ஆண்டுதோறும் எண்ணி மக்கள்முன் வைக்கிறவர்களுக்கே உண்டு. அந்தக் கணக்கு ராணிப்பேட்டையிலிருந்து தொடங்கட்டும்.